தறிகள் நின்ற பிறகு கேட்ட சத்தம்

இது நடந்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் நடந்தது. கொரோனாவுக்காக ஊரையெல்லாம் பூட்டிப்போட்ட அந்தக் கோடையில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் அமாவாசை, நடுராத்திரி, புளியமரம் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். இதில் அதெல்லாம் கிடையாது. வெயில் உண்டு. ஆளில்லாத தெரு உண்டு. ஒரு சுவர் உண்டு.

நம்பாதவர்கள் மணிவேலின் வலது கையைப் பார்க்கலாம். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கூடிய இடம் இன்றும் புடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. எப்படி உடைந்தது என்று அவரைக் கேட்காதீர்கள். அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் அவர் மனைவி ருக்மணி. அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நானாக எதையும் கூட்டவில்லை.

ருக்மணியும் மணிவேலும் பாலசமுத்திரம் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் நகரிக்கு வந்தார்கள். ஹரிபாபு என்பவரின் விசைத்தறிக் கூடத்தில் மணிவேல் தறி ஓட்டினார். ருக்மணி அங்கேயே நூல் சுற்றினாள். கூடத்துக்கு எதிரிலேயே வாடகை வீடு கிடைத்தது. ஒரே கூரை, இரண்டு போர்ஷன், நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் இவர்கள். அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரி சுந்தராம்பாள் திருப்பதியில் மகன் வீட்டில் இருந்தாள். அந்தப் போர்ஷனில் பழைய சாமான்கள் கிடப்பதாகச் சொல்லியிருந்தாள்.

நகரித் தெருக்களில் தறிச் சத்தம் ஓயாது. காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரை தடதடதடவென்று தரையே அதிரும். புதிதாக வருகிறவர்களுக்குத் தலை வலிக்கும். பத்து நாளில் பழகிவிடும். அதற்குப் பிறகு ஒருவர் காதில் இன்னொருவர் வாயை வைத்துப் பேசுவதுதான் பேச்சு. மணிவேலும் ருக்மணியும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருக்கிறீர்களே என்று கூடத்தில் கேலி செய்வார்கள்.

உண்மையில் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அதில் ஒரு நாளும் மணிவேல் கை ஓங்கியதில்லை. கோபம் வந்தால் பேச மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஒரு டீ, ஒரு பீடி. திரும்பி வரும்போது ருக்மணிக்கு ஒரு வடை வாங்கி வருவார். அவ்வளவுதான் அவர் கோபம்.

மார்ச் கடைசியில் தறிகள் நின்றன. டீக்கடையும் மூடியது.

முதல் நாள் அந்த அமைதி சுகமாக இருந்தது என்றாள் ருக்மணி. பகலில் படுத்துத் தூங்கினார்கள். கூரைத் தகட்டில் புறா நடக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. யாரோ இருமினால் கேட்டது. உடனே படபடவென்று தெருவில் ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தமும் கேட்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்த நாட்கள் அவை. வெளியூரிலிருந்து மாமியார் வீட்டுக்குத் திரும்பி வந்த ஒரு மருமகளைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். அந்தப் பெண்ணின் நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. யாரும் கிட்டே போகவில்லை. ருக்மணியும் போகவில்லை.

சில நாளில் தெருவில் ஒருவருக்குத் தொற்று வந்தது. இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி அடைத்துவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் காவலுக்கு நின்றார். ரேஷனும் காய்கறியும் வார்டு வாலண்டியர் பிரேமலதா கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். முகத்தில் மாஸ்க், கையில் உறை. கண்கள் மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகுதான்...

ஒரு நாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டு ருக்மணி சுவரோரம் பாய் போட்டுப் படுத்திருந்தாள். மணிவேல் எதிர் மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணி தாண்டியிருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் எதையோ இழுத்தார்கள்.

கனமான பொருள். தரையில் உரசிக்கொண்டு போனது. நின்றது. மறுபடியும் உரசியது.

பிறகு ஒரு சத்தம். தொப்.

நனைந்த துணியைக் கல்லில் அடிப்பது போல. தொப்... தொப்...

ருக்மணி எழுந்து உட்கார்ந்தாள். மணிவேலை உலுக்கினாள்.

"இன்னாங்க... பக்கத்துல யாரோ இருக்காங்க."

"எலியா இருக்கும். படு."

"எலி அழுவுமா?"

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். தறியில் வேலை செய்கிறவர்களுக்குக் காது மந்தம்தான். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ருக்மணிக்குக் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் அழுகிற சத்தம்.

வெளியே போய்ப் பார்த்தாள். பக்கத்துக் கதவில் பூட்டு. துருவேறிய பழைய பூட்டு. நாதாங்கியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அந்தக் கதவைத் திறந்து வருஷங்கள் ஆகியிருக்கும்.

மறுநாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும். இழுக்கிற சத்தம், அடிக்கிற சத்தம், அழுகை. இப்போது வார்த்தைகளும் கேட்டன.

"வேணா... வேணா... தலயில வேணா..."

ருக்மணி மூங்கில் தடுப்புக்குப் போய் போலீஸ்காரரிடம் சொன்னாள். அவர் லத்தியைத் தட்டிக்கொண்டு வந்தார். பூட்டைப் பார்த்தார்.

"தாளம் உந்தி கதம்மா. லோபல எவரு உண்டாரு?" பூட்டிய வீட்டுக்குள் யார் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டு, வெளியே வந்ததற்காக அவளைத் திட்டி உள்ளே அனுப்பினார்.

சுந்தராம்பாளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, பக்கத்துப் போர்ஷன்ல ஒரு பொம்பள அழுவுற சத்தம் கேக்குது."

வீட்டுக்காரி கேட்டாள்:

"மத்தியானத்துலயா?"

ருக்மணி நேரத்தைச் சொல்லவே இல்லை.

"காதுல பஞ்சு வெச்சிக்கோம்மா. மிஷினு ஓட ஆரம்பிச்சா சரியாப் பூடும்." போன் துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

பஞ்சு வைத்துப் பார்த்தாள் ருக்மணி. முடியவில்லை. காது அடைத்திருந்தாலும் முதுகில் கேட்டது. சுவர் அதிர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவளுடைய முதுகு துள்ளியது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சுவரை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

"டேய்! எவன்டா அது? உடுடா அவள!"

சத்தம் நின்றது.

முழு அமைதி. புறா கூட நடக்கவில்லை.

பிறகு சுவரில் ஏதோ சாய்கிற சத்தம். மெதுவாக. மூச்சு வாங்குகிற சத்தம். ருக்மணியின் காதுக்கு நேராக, சுவரின் மறுபக்கம், ஒரு குரல்.

"அக்கா..."

சின்னப் பெண்ணின் குரல். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கலாம். வாயில் ரத்தத்தை வைத்துக்கொண்டு பேசுவது போலக் குழறியது.

"அக்கா... உனுக்குக் கேக்குதா?"

ருக்மணிக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. தெருமுனையில் நெற்றி கிழிந்து நின்ற அந்த மருமகள் ஞாபகம் வந்தாள். அதனால்தான் ஓடவில்லை என்றாள் என்னிடம்.

"கேக்குது," என்றாள்.

அந்தப் பக்கம் விம்மி விம்மி அழுகை. வலியில் அழுகிற அழுகை இல்லை அது. வேறு மாதிரி.

அதற்குப் பிறகு தினமும் அடி விழும்போது ருக்மணி சுவரில் தட்டினாள். தட்டினால் நின்றது. கொஞ்ச நேரம்தான். பிறகு மறுபடியும். மறுபடியும் தட்டினாள். உள்ளங்கை கன்றிப்போனது. மத்தியானம் முழுக்க அதுவே வேலையானது.

அவள் மணிவேலைக் கவனிக்கவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று.

அவருக்கும் கேட்க ஆரம்பித்திருந்தது.

ஒரு நாள் அவள் கொல்லையில் பாத்திரம் தேய்த்துவிட்டு உள்ளே வந்தபோது மணிவேல் சுவரில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. தலையை ஆட்டினார். யாரோ சொல்வதைக் கேட்டு ஆமாம் போடுவது போல.

"கேக்குதா உங்களுக்கு? பாவம்ல அந்தப் பொண்ணு?"

கண்ணைத் திறந்தார்.

"அந்த ஆளு பாவம்," என்றார். "அவனுந்தான் எவ்ளோ பொறுத்துக்குவான்?"

ருக்மணிக்கு ஒரு ஆள் குரல் ஒரு முறை கூடக் கேட்டதில்லை. அடிகள் மட்டுமே கேட்டன. இவருக்கு அந்தக் குரல் கேட்டிருக்கிறது.

அன்றிலிருந்து மணிவேல் மாறினார். சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்து பிசைந்து உருட்டி, தின்னாமல் தட்டிலேயே வைத்தார். அவள் வாசலுக்குப் போனால் பின்னாலேயே வந்து நின்றார். பிரேமலதா ரேஷன் கொடுத்துவிட்டுப் போன பிறகு, "யார் கிட்ட சிரிச்சிக்கினு இருந்த?" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி. ஒரு மத்தியானம், மூலையில் கிடந்த மண்சட்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். உடைந்த சில்லு அவள் காலில் குத்தியது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் அவள் விரலில் நூல் அறுத்தால் ஓடி வந்து மஞ்சள் வைக்கிற மனுஷன்.

இன்னொரு நாள் கொல்லையிலிருந்து கூப்பிட்டார்.

"மஞ்சு, தண்ணி குடு."

ருக்மணி திகைத்தாள். "மஞ்சு யாரு?"

அவரும் திகைத்தார். "யாரு மஞ்சு?"

தான் சொன்னது அவருக்கே தெரியவில்லை.

மே மாதம் பாதியில் தளர்வு வந்தது. மூங்கிலை அவிழ்த்தார்கள். போலீஸ்காரர் போய்விட்டார். டீக்கடையில் பார்சல் மட்டும் கொடுத்தார்கள். ஜனங்கள் மாஸ்க்குக்கு மேலே கண்ணால் சிரித்துக்கொண்டார்கள். ஹரிபாபு போன் செய்தார்.

"திங்கக்கெழமலேர்ந்து பாதி ஆளுங்கள வெச்சிக்கினு ஓட்டலாம்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கி மத்தியானம் சும்மா ஓட்டிப் பாக்குறேன்."

ருக்மணிக்குச் சந்தோஷம். மணிவேல் வேலைக்குப் போனால் சரியாகிவிடுவார் என்று நினைத்தாள். அடுப்பில் களிக்கு உலை வைத்தாள்.

அன்று பக்கத்துப் போர்ஷனில் சத்தமே இல்லை. காலையிலிருந்து இல்லை. இரண்டு மணிக்கும் இல்லை.

அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

கொல்லைக் கதவு வழியாக மணிவேல் உள்ளே வந்தார். கையில் ஒரு மரக்கட்டை. தறியில் குறுக்கு நூலை இழுத்து ஓடுகிற நாடாவை அடித்துத் தள்ளுகிற நீளக் கட்டை. பழையது. ஒரு முனை கறுத்துப் போயிருந்தது. அப்படி ஒரு கட்டை அந்த வீட்டில் கிடையாது. எங்கிருந்து எடுத்தார் என்று இன்று வரை தெரியாது.

தெருக்கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பிறகு கொல்லைக் கதவையும்.

"செவுத்துல வாய வெச்சி எவன் கிட்ட பேசிக்கினு இருந்த?"

"யார்கிட்டயும் இல்லீங்க. அந்தப் பொண்ணு கிட்ட..."

"பொய் சொல்ற மஞ்சு."

"நான் ருக்கு... ருக்குங்க. என்னப் பாருங்க."

பார்த்தார். அந்தப் பார்வையில் அவர் இல்லை.

முதல் அடி இடது தோளில் விழுந்தது.

அதே நொடி எதிரே தறிகள் ஓட ஆரம்பித்தன.

தடதடதடதட...

இத்தனை வாரம் கழித்து வந்த சத்தம். தரை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் குதித்தன. தெருவில் யாரோ கை தட்டியிருப்பார்கள். ருக்மணி கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

இரண்டாவது அடி இடுப்பில். உலை கவிழ்ந்தது. கொதிக்கிற தண்ணீர் அவள் பாதத்தில் கொட்டியது. விழுந்தாள். தவழ்ந்து கதவுக்குப் போனாள். தலைமுடியைப் பிடித்து இழுத்தார். கனமான பொருளை இழுப்பது போல, தரையோடு தரையாகச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனார். முட்டி தேய்ந்தது. நகம் பெயர்ந்தது. காதோரம் ஒரு அடி. வாயில் உப்பு. ஒரு பல் நாக்கில் கிடந்தது.

"வேணா... தலயில வேணா..."

தான் சொல்வது அந்தப் பெண் சொன்ன அதே வார்த்தை என்று அப்போதே தெரிந்ததாம் அவளுக்கு.

மணிவேல் கட்டையை இரண்டு கையாலும் ஓங்கினார்.

இறக்கவில்லை.

இறக்க முடியவில்லை.

ருக்மணி நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய வலது மணிக்கட்டில், தோல் உள்ளே அமுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நான்கு குழி. மறுபக்கம் ஒரு குழி.

விரல்கள் பதிகிற குழி.

விரல்கள் இல்லை.

குழிகள் ஆழமாயின. தோல் வெளுத்தது. பிறகு கறுத்தது. கை மெதுவாகத் திரும்பியது. ஈரத் துணியைப் பிழிவது போல. மணிவேலின் வாய் திறந்தது. கண் பிதுங்கியது. கை இன்னும் திரும்பியது. கை எந்தப் பக்கம் திரும்பாதோ அந்தப் பக்கம்.

தோலுக்கு அடியில் எலும்பு எழும்பி நின்றது.

கட்டை விழுந்தது.

ஹரிபாபு தறியை நிறுத்தினார்.

அப்போதுதான் மணிவேல் அலறியது கேட்டது. தெரு முழுக்கக் கேட்டது. அதோடு இன்னொன்றும் கேட்டது. சுவருக்குள்ளிருந்து.

"அக்கா... ஓடிடு..."

ருக்மணி எப்படித் தாழ்ப்பாளைத் திறந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. வாசலில் வந்து விழுந்தாள். ஹரிபாபு ஓடி வந்தார். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். தொற்றுக்குப் பயந்து யாரும் தள்ளி நிற்கவில்லை, அன்றைக்கு.

அவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் போர்ஷனில் அடி ஆரம்பித்தது.

தொப். தொப். தொப். தொப்.

இத்தனை நாள் விழுந்த அடி எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. மூச்சு விட இடைவெளியே இல்லை. ஏதோ உடைந்தது. ஏதோ தெறித்தது. அந்தப் பெண் கத்தக் கூட இல்லை.

எல்லோருக்கும் கேட்டது.

"பூட்ட ஒடங்க!" என்று கத்தினாள் ருக்மணி. "எனுக்காக அடி வாங்குறா. ஒடங்க!"

யாரும் அசையவில்லை. வாயில் ரத்தத்தோடு அவளே எழுந்தாள். வாசல் கல்லைத் தூக்கினாள். பூட்டின் மேல் போட்டாள். குளவிக்கூடு நொறுங்கியது. இன்னொரு முறை போட்டாள். நாதாங்கி பெயர்ந்தது.

கதவைத் தள்ளினாள்.

சத்தம் நின்றது.

உள்ளே அனல். புழுதி வாடை. உடைந்த கட்டில், காலி சாக்கு மூட்டைகள். தரையில் விரல் ஆழத்துக்குத் தூசி. அதில் ஒரு காலடி கூட இல்லை.

நடுச்சுவரில் மட்டும் ஓரிடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. தரையில் உட்கார்ந்தால் ஒரு பெண்ணின் வாய் வருகிற உயரம். ருக்மணி அங்கே தொட்டாள்.

ஈரமாக இருந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

"மஞ்சு..." என்றாள். பதில் வரவில்லை.

ஹரிபாபு தன் வேனில் இருவரையும் புத்தூருக்குக் கூட்டிப் போனார். எலும்பு கட்டுகிற ஊர் அது. சாலையில் வண்டிகள் ஓட ஆரம்பித்திருந்தன. கட்டுப் போடுகிற பெரியவர் மணிவேலின் கையை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"உழுந்தது இல்ல இது. யாரோ புடிச்சி முறுக்கியிருக்காங்க."

ருக்மணியைப் பார்த்தார். அவள் வீங்கிய முகத்தையும் பார்த்தார். அவர் ஏதோ புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார். அவள் தன் கையை எடுத்து அந்தத் தடங்களின் மேல் வைத்துக் காட்டினாள். பொருந்தவில்லை. தடங்கள் அவள் கையை விடச் சின்னவை. மெலிந்தவை. பெரியவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எண்ணெய் போட்டுக் கட்டினார். கட்டுகிற நேரம் முழுக்க வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஹரிபாபு சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் போர்ஷனில் ஒரு ஜோடி குடியிருந்தது. அவன் இவருடைய கூடத்தில்தான் தறி ஓட்டினான். அவளுக்கு இருபத்தொரு வயது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போவான். சாப்பிட்டுவிட்டு அடிப்பான். ஒரு மத்தியானம் அடியை நிறுத்தவில்லை. பிறகு அங்கேயே தூக்கு மாட்டிக்கொண்டான்.

"தெருவே வேல செஞ்சிக்கினு இருந்துச்சிம்மா. பத்தடி தூரந்தான். மிஷினு ஓடிக்கினு இருந்துச்சி. ஒருத்தர் காதுக்கும் கேக்கல."

"அவ பேரு?"

"மஞ்சு."

அந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பவில்லை. சாமான்களை ஹரிபாபுவின் ஆட்கள் எடுத்துக் கொடுத்தார்கள். சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். பாதி பஸ், பாதி நடை.

மணிவேலுக்கு அந்த மத்தியானம் ஞாபகம் இல்லை. கொல்லைக்குப் போனது நினைவிருக்கிறது. பிறகு வேனில் கண் விழித்தது. நடுவில் எதுவும் இல்லை. ருக்மணி சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் சாப்பிடவில்லை. பழைய மணிவேலாகத்தான் திரும்பி வந்தார். நல்ல மனுஷன். இப்போது குத்தகைக்கு நிலம் எடுத்து வேர்க்கடலை போடுகிறார்கள். ஆனால் பரணில் இருந்து எதையாவது எடுக்க அவர் கையைத் தூக்கினால் ருக்மணியின் உடம்பு தானாக ஒதுங்கும். அவர் அதைப் பார்ப்பார். மெதுவாகக் கையை இறக்குவார். பரணில் இப்போது எதையும் வைப்பதில்லை.

மறு வருஷம் சித்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ருக்மணி பிரேமலதாவைப் பார்த்தாள். மாஸ்க் இல்லாத முகம் அடையாளம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் தெரிந்தது. அந்த நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாகப் போய் நெற்றியில் மிஷின் வைத்துக் காய்ச்சல் பார்த்ததைச் சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று கேட்டாள்:

"ஆமாக்கா, ஒன் பக்கத்து வீட்டுப் பொண்ணு எப்டி இருக்குது?"

ருக்மணி கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பொண்ணு?"

"அதான், பக்கத்துப் போர்ஷன்ல. மிஷினு ஓடுறதுக்கு மூணு நாள் முன்னாடி காய்ச்சல் பாக்க வந்தேன்ல. ஒங்க வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சி. அந்தப் பொண்ணுதான் பக்கத்துக் கதவத் தொறந்துச்சி. கொஞ்சமாத்தான் தொறந்துச்சி. முக்காடு போட்டுக்கினு இருந்துச்சி. நெத்தியில வெச்சிப் பாத்தேன். நம்பரே வரல. லோ-ன்னு வந்துச்சி. பேட்டரி பூட்டுச்சோன்னு என் கையில வெச்சிப் பாத்தேன். எனுக்குச் சரியாத்தான் காட்டுச்சி."

ருக்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுனா வேணுமாம்மான்னு கேட்டேன்," என்றாள் பிரேமலதா. "ஒண்ணும் வேணான்னுச்சி. மிஷினு எப்ப ஓடும்னு மட்டும் கேட்டுச்சி. பாவம், வேல இல்லாம கஷ்டப்படுதோன்னு நெனச்சிக்கினு, நல்ல சேதிதானேன்னு, மூணே நாள்ல ஓடும்மா, கவலப்படாதன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அழுதுச்சிக்கா. உள்ள யாரோ கூப்புட்டாங்க. கதவ மூடிக்கிச்சி."